படுக்கை இல்லாத மருத்துவமனை: மிச்சமாகும் பணம் யாருக்கு?

கண்புரை, மூலம், குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று முன்பெல்லாம் நாலைந்து நாள் படுத்துக் கிடந்து செய்துகொண்ட அறுவைகளில் பல, இன்று ஒரே பகலில் முடிந்துவிடுகின்றன. இதை நம்பித் தொடங்கப்பட்ட தனியார் பகல்நேர மருத்துவமனைகள் பெருநகரங்களைத் தாண்டிச் சிறு ஊர்களின் கடைவீதி வரை வந்துவிட்டன. அங்கே இரவுப் படுக்கை இல்லை, சமையலறை இல்லை, இரவுப் பணிக்குச் செவிலியர் இல்லை. இத்தனை செலவு குறைந்தும், பணம் கட்டும் இடத்தில் நிற்கும் குடும்பத்தின் சுமை ஏன் குறையவில்லை என்பதே இன்று கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி திடீரென்று முளைத்ததல்ல. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் மருத்துவக் கட்டணம் பற்றிய பொதுநல வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. அரசு மருத்துவமனையில் ஒரு கண்ணுக்குச் சுமார் 10,000 ரூபாய் ஆகும் கண்புரை அறுவைக்குத் தனியாரிடம் 30,000 முதல் 1,40,000 ரூபாய் வரை ஆகிறது என்று மனுதாரர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரே அறுவைக்கு இப்படிப் பதினான்கு மடங்கு வரை வித்தியாசம்! கட்டண வரம்பை நிர்ணயிக்காமல் இழுத்தடித்த ஒன்றிய அரசை நீதிமன்றம் கடிந்துகொண்டது. கண் மருத்துவர் சங்கம் ஒரே கட்டணம் சரிவராது என்று எதிர்வாதம் வைத்தது. வழக்கில் உதாரணமாக எடுக்கப்பட்ட கண்புரைதான் பகல்நேர அறுவைகளில் மிகப் பரவலானது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. முழுதாக நீக்கப்பட்டது. காப்பீடு எடுப்போர் இனி கூடுவார்கள். அதே காலத்தில்தான், கட்டணத் தகராறில் சில மருத்துவமனைகள் சில காப்பீட்டு நிறுவனங்களின் ‘கேஷ்லெஸ்’ வசதியை நிறுத்தப் போவதாக அறிவித்த செய்திகளும் வந்தன. நடுவில் நிற்பவர் பிரீமியம் கட்டிய நோயாளி.

நல்ல மாற்றம்தான்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பகல்நேர அறுவை என்பது அவசரக் கோலமோ அரைகுறை வைத்தியமோ அல்ல. 1970-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இரண்டு மயக்க மருந்து மருத்துவர்கள், அறுவைக்கு மட்டுமேயான ஒரு தனிக் கூடத்தைத் தொடங்கினார்கள். அன்றே வந்து அன்றே வீடு திரும்புவதுதான் அதன் ஏற்பாடு. அதற்குப் பிறகு சீக்கிரம் தெளியும் மயக்க மருந்துகள் வந்தன. வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளை வழியே செய்யும் அறுவை வந்தது. புரையை ஒலியலையால் கரைத்து உறிஞ்சும் கருவி பரவலானது. தையல்கூடத் தேவைப்படாத அறுவைக்கு ஒருவரை மூன்று நாள் படுக்கவைக்க மருத்துவக் காரணம் ஏதும் மிஞ்சவில்லை.

நோயாளிக்கு இதில் கிடைக்கும் நன்மை பெரிது. மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு இரவும் தொற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. முதியவர்கள் பழக்கமில்லாத இடத்தில் இரவில் குழம்பிப் போகிறார்கள், எழுந்து நடந்து விழுகிறார்கள். கூட இருக்க வரும் மகனோ மகளோ கூலியை இழக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அம்மாவின் கண் அறுவைக்கு ஒரு நாள் போவதும் நான்கு நாள் போவதும் ஒன்றல்ல.

அறுவைக்கு மட்டுமல்ல, பகலிலேயே முடியும் பிற சிகிச்சைக்கும் இது பொருந்தும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வந்தவருக்குச் சொந்த ஊரிலேயே ஒரு டயாலிசிஸ் மையம் வந்தால், வேலைக்குப் போக முடிகிற நாட்கள் சில அவருக்குத் திரும்பக் கிடைக்கின்றன. ஆகவே, இந்த மையங்கள் வளர்வதை எதிர்ப்பது நோக்கமல்ல. வளர்ச்சியின் கணக்கு வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்பதே கோரிக்கை.

ஒரு தியேட்டரின் கணக்கு

பகல்நேர மருத்துவமனையின் வரவுசெலவைப் புரிந்துகொள்ளப் பெரிய கணக்கறிவு தேவையில்லை. அதன் உயிர்நாடி ஆபரேஷன் தியேட்டர். வாடகை, கருவிக் கடனின் தவணை, ஊழியர் சம்பளம், மின்சாரம், கிருமிநீக்கம் ஆகியவை அறுவை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதாமாதம் போகும் செலவுகள்.

ஒரு கணக்குக்காக இந்த நிலையான செலவு மாதம் 12 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள், நாளைக்கு 4 அறுவை என்றால் 100 அறுவை. ஒவ்வொன்றின் தலையிலும் 12,000 ரூபாய் ஏறுகிறது. அதே தியேட்டரில் நாளைக்கு 12 அறுவை நடந்தால் அது 4,000 ரூபாயாக இறங்குகிறது. மருந்து, லென்ஸ், மருத்துவர் ஊதியம் தனி. மற்றபடி லாபமா நட்டமா என்பதை நாளொன்றின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது.

இந்த எண்ணிக்கையை ஏழைக்குச் சாதகமாகத் திருப்ப முடியும் என்று உலகுக்குக் காட்டியது மதுரை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்யும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் குழு தயார் செய்துவிடும். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. பணம் கட்டுவோரின் வருவாயைக் கொண்டே, கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவோ சலுகையிலோ அறுவை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி எட்டாத விலைக்கு விற்றபோது, 1992-இல் அரோலேப் என்ற ஆலையைத் தொடங்கி அதன் விலையைச் சில நூறு ரூபாய்க்கு இறக்கினார்கள்.

எண்ணிக்கை கூடினால் ஒரு அறுவைக்கான செலவு குறையும். குறைந்ததை நோயாளிக்குத் திருப்பித் தரவும் முடியும். இது நம் ஊரிலேயே ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் உண்மை. எல்லா மையமும் அரவிந்தைப் போல அறக்கட்டளையாக முடியாதுதான். ஆனால், குறைந்த கட்டணம் சாத்தியமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வெளிப்பணம் வந்த பிறகு

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறைக்குள் முதலீட்டு நிறுவனங்களின் பணம் பெருமளவில் வந்தது. காரணம் எளிது. பெரிய பொது மருத்துவமனை கட்ட நிலம், நூறு துறை மருத்துவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் வேண்டும். லாபம் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒற்றைச் சிகிச்சைக்கான பகல்நேர மையத்தை ஒரு மாடி வாடகைக்கு எடுத்து ஆரம்பித்துவிடலாம். ஒன்றைப் போல ஐம்பதைத் திறக்கலாம்.

இப்படி விரிந்ததன் இரண்டு முகங்களையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. திருச்சியிலிருந்து கிளம்பிய வாசன் கண் மருத்துவமனை, வெளிநாட்டு முதலீடுகளைப் பெற்று நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளாக விரிந்தது. கடன் சுமை தாங்காமல் 2017-இல் திவால் நடைமுறைக்குள் போனது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2023-இல் ராஜஸ்தானைச் சேர்ந்த ஏ.எஸ்.ஜி. குழுமத்தின் கைக்குப் போனது. ஒரு சங்கிலி நிறுவனம் தள்ளாடும்போது சம்பளம், மருந்து விநியோகர் பாக்கி, நோயாளிகளின் தொடர் சிகிச்சை என்று எல்லாமே சேர்ந்து ஆடுகின்றன.

அடுத்தது, சென்னையில் 1957-இல் தொடங்கிய டாக்டர் அகர்வால்ஸ் குழுமம். அதன் நிறுவனம் 2025 ஜனவரி இறுதியில் பங்குச் சந்தையில் சுமார் 3,027 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வெளியிட்டது. அதில் நிறுவனத்துக்குப் புதிதாக வந்த தொகை 300 கோடி. மீதி, ஏற்கெனவே முதலீடு செய்திருந்தவர்கள் தங்கள் பங்குகளை விற்று எடுத்த பணம். இது முழுக்கச் சட்டப்படியானது; ஒளிவுமறைவின்றி ஆவணத்தில் சொல்லப்பட்டது. ஆனால், சாதாரண வாசகர் இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ‘மருத்துவத் துறையில் 3,000 கோடி’ என்று தலைப்பு வந்தால், அத்தனையும் புதிய தியேட்டராகவும் கருவியாகவும் மாறப்போகிறது என்று பொருளல்ல.

முதலீட்டாளர் ஐந்து, ஏழு ஆண்டுகளில் தன் பணத்தைப் பெருக்கி எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியவர். அதற்கு ஒவ்வொரு காலாண்டிலும் கிளைகளின் எண்ணிக்கை ஏற வேண்டும். ஒரு நோயாளியிடமிருந்து வரும் சராசரி வருவாயும் ஏற வேண்டும். இந்த இரண்டாவது எதிர்பார்ப்புதான் நோயாளியின் வீட்டுக் கணக்கில் வந்து விழுகிறது.

கவுன்சலர் மேசை

கண் மருத்துவமனைக்குப் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். மருத்துவர் பரிசோதித்து, ‘புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்துவிடலாம்’ என்பார். பணப் பேச்சு அவரிடம் இல்லை. அடுத்த அறையில் கவுன்சலர் என்று ஒருவர் இருப்பார். அவர் மேசையில் வழவழப்பான ஓர் அட்டை. சாதாரண லென்ஸ், மடியும் லென்ஸ், இறக்குமதி லென்ஸ், கண்ணாடியே வேண்டாத பல்நோக்கு லென்ஸ் என்று வரிசை. விலை, அதற்கேற்ற படிகள்.

அந்த இடத்தில் எந்த மகனாலும் ‘அப்பாவுக்கு மலிவானது போதும்’ என்று சொல்ல முடிவதில்லை. விலை கூடினால் பார்வை கூடும் என்றே மனம் நினைக்கும். ஆனால், நரம்பு பாதித்த கண்ணுக்கும் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்ட கண்ணுக்கும் விலையுயர்ந்த பல்நோக்கு லென்ஸ் பெரும்பாலும் பொருந்தாது. சாதாரண லென்ஸோடு, படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாக வாழ்கிறவர்கள் லட்சக்கணக்கானோர். இதையெல்லாம் சொல்ல வேண்டியவர் மருத்துவர். விற்பனை இலக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊழியர் அல்ல.

இதய அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் ஒன்றிய அரசு உச்சவரம்பு விலை வைத்தது. சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய் என்று அன்று அறிவித்தார்கள். அந்த ஆண்டே செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. அவற்றைவிடப் பன்மடங்கு அதிகம் பேர் வைத்துக்கொள்ளும் கண் லென்ஸுக்கு அத்தகைய உச்சவரம்பு வரவில்லை. எனக்கு இது பெரிய விடுபடலாகவே தோன்றுகிறது.

செலவைக் கூட்டுவதில் இன்னொரு பங்கு இடைத்தரகுக்கு. மூலம், பௌத்திரம், குடலிறக்கம் என்று கைப்பேசியில் தேடினால் முதலில் வருவது மருத்துவமனையின் பெயராக இருப்பதில்லை. அறுவையை ‘ஏற்பாடு செய்துதரும்’ நிறுவனத்தின் விளம்பரம். அவர்கள் நோயாளியைப் பிடித்து, ஏதோ ஒரு சிறிய மருத்துவமனையின் காலித் தியேட்டருக்கு அனுப்புகிறார்கள். விளம்பரச் செலவும் தரகும் யார் பில்லில் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகள் தடைசெய்கின்றன. மருத்துவர் அல்லாத நிறுவனம் அதையே தொழிலாகச் செய்தால் கேட்க ஆளில்லை.

24 மணி நேரம் என்ற கோடு

மருத்துவக் காப்பீடு நம் நாட்டில் படுக்கையைச் சுற்றியே எழுதப்பட்டது. 24 மணி நேரம் படுத்தால் பணம். இல்லையேல் இல்லை என்பது பழைய விதி. அறுவை முறைகள் மாறியபின், தொழில்நுட்பத்தால் 24 மணி நேரத்துக்குள் முடியும் சிகிச்சைகளை ‘டே-கேர்’ என்று ஏற்றுக்கொண்டார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி, பகல்நேர மையத்துக்குத் தகுதியான மருத்துவர், தகுதியான செவிலியர், சொந்த ஆபரேஷன் தியேட்டர், அன்றாடப் பதிவேடு இருந்தால் போதும். இத்தனை படுக்கை வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

நடைமுறையில் தகராறு இன்னும் ஓயவில்லை. புறநோயாளியாகவே செய்திருக்கலாமே என்று கோரிக்கையைத் தள்ளிவிடுகிறார்கள். குஜராத்தின் வதோதராவில் 24 மணி நேரம் தங்கவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்த ஒரு வழக்கில், தொழில்நுட்பம் வளர்ந்த காலத்தில் அந்தக் காரணம் செல்லாது என்று நுகர்வோர் நீதிமன்றம் 2023-இல் பணம் தரச் சொன்னது. இப்படி வழக்குப் போட்டு வெல்கிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலானோர் கடிதத்தை வாங்கிக்கொண்டு நகையை அடகு வைக்கிறார்கள்.

இதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. கோரிக்கை தள்ளுபடி ஆகிவிடக் கூடாது என்று, மாலையில் வீட்டுக்குப் போக வேண்டியவரை மறுநாள் காலை வரை படுக்கவைக்கிறார்கள். அறை வாடகை ஏறுகிறது, செலவு கூடுகிறது, அந்தச் செலவு அடுத்த ஆண்டு எல்லோருடைய பிரீமியத்திலும் திரும்பி வருகிறது.

பாலிசியின் உள்வரம்புகளையும் பலர் படிப்பதில்லை. எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டிய பொதுப் பாலிசியான ‘ஆரோக்கிய சஞ்சீவனி’யில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு, காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும் என்று வகுக்கப்பட்டது. அதற்கும் முதல் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். ‘ஐந்து லட்சத்துக்கு பாலிசி இருக்கிறது’ என்ற தைரியத்தில் 90,000 ரூபாய் லென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டவர், மீதிப் பணத்துக்கு அன்று மாலையே அலைய வேண்டியிருக்கிறது. 2021-22-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகத் தம் பையிலிருந்து கொடுத்தது. இந்தச் சதவீதம் பத்தாண்டில் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும், எட்டில் மூன்று பங்குக்கு மேல் இன்னும் சொந்தப் பணம்.

மறுபக்கம், நேர்மையாக மையம் நடத்துகிற சிறு மருத்துவர்களின் நெருக்கடியையும் சொல்லியாக வேண்டும். கணவனும் மனைவியும் மருத்துவர்களாக இருந்து, வங்கிக் கடனில் கருவி வாங்கி நடத்தும் மையங்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். காப்பீட்டுப் பணமும் அரசுத் திட்டப் பணமும் மாதக்கணக்கில் தாமதமானால் கடன் தவணை காத்திருக்காது. கையில் மூலதனம் உள்ள பெரிய சங்கிலிகள் அதைத் தாங்கும், இவர்களால் முடியாது. முடிவில் மையத்தைச் சங்கிலியிடம் விற்றுவிட்டு, அதே கட்டடத்தில் சம்பளத்துக்கு உட்காருகிறார்கள். ஊரில் போட்டி குறைகிறது, கட்டணம் ஏறுகிறது.

மாலைக்குப் பிறகு யார் பொறுப்பு?

பணத்தைவிட முக்கியமான ஒன்று பாதுகாப்பு. மையம் மாலையில் பூட்டப்படுகிறது. ரத்தக் கசிவும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் இரவில் வரலாம். அப்போது அழைத்தால் எடுக்க ஆள் வேண்டும். சேர்த்துக்கொள்ள முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்ட பெரிய மருத்துவமனை அருகில் வேண்டும். ‘ஏதாவது என்றால் ஜி.எச்.சுக்குப் போங்கள்’ என்பது ஏற்பாடு ஆகாது.

எண்ணிக்கையைத் துரத்தும் இடத்தில் கிருமிநீக்கம் தளர்ந்தால் என்னவாகும் என்பதையும் நாம் அறிவோம். 2008-இல் தமிழ்நாட்டில் ஓர் இலவசக் கண் முகாம் மூலம் அறுவை செய்துகொண்ட அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகள் பார்வையை இழந்தார்கள். ஒரு தியேட்டரில் ஒரு நாள் நேரும் பிழை ஒருவரோடு நிற்பதில்லை. அன்று மேசையில் படுத்த அத்தனை பேரையும் பிடிக்கிறது.

செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இல் வந்தது. விதிகள் வர 2018 ஆயிற்று. பதிவு செய்யும் பொறுப்பு மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் வழியாகவே பெரும்பாலானவற்றைத் தொடங்கிவிடலாம். அறுவைகளில் அதிகம் நடக்கும் இருபதுக்கு ஒவ்வொரு மையமும் முழுப் பேக்கேஜ் கட்டணத்தைத் தமிழில் வாசலிலும் இணையத்திலும் போட வேண்டும். மருத்துவர் கட்டணம், தியேட்டர், மருந்து, லென்ஸ் அல்லது குடலிறக்கத்துக்கு வைக்கும் வலை என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒரே கட்டணத்தைத் திணிப்பது கடினமாக இருக்கலாம். கட்டணத்தை மறைக்காமல் சொல்லச் செய்வது கடினமல்ல.

லென்ஸ் விஷயத்தில், எந்த லென்ஸ், ஏன் என்பதை மருத்துவரே நோயாளியின் சீட்டில் கையொப்பத்தோடு எழுத வேண்டும். சாதாரண லென்ஸுக்கும் மடியும் லென்ஸுக்கும் ஒன்றிய அரசின் விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைக்க வேண்டும். பல்நோக்கு லென்ஸை விரும்புவோர் வாங்கிக்கொள்ளட்டும்.

முழு மயக்கம் கொடுக்கும் எந்த மையமும், தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள ஒரு மருத்துவமனையோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் பதிவு பெறக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இரவில் பேசக்கூடிய மருத்துவரின் எண் இருக்க வேண்டும். தொற்று நேர்ந்தால் மறைக்காமல் மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

காப்பீட்டில் விதி இருக்கிறது, அமலாக்கம்தான் வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும் டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. எந்த நிறுவனம் எத்தனை டே-கேர் கோரிக்கையை நிராகரித்தது என்பதை ஆண்டுதோறும் தனியாக வெளியிடச் செய்தால் பாலிசி வாங்குவோருக்கு வழிகாட்டும். சிறு மையங்களுக்கான பாக்கி குறிப்பிட்ட நாளைத் தாண்டினால் வட்டி சேர்ந்து போக வேண்டும்.

நோயாளிகளும் சிலவற்றைச் செய்யலாம். அறுவைக்குத் தேதி வாங்கும் முன்பே, பாலிசியின் உள்வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பேக்கேஜில் எது சேரும், எது சேராது என்று தாளில் வாங்குங்கள். அவசரமில்லாத அறுவை என்றால் இன்னொரு மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். கண்புரை பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஓடிவிடுவதில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

கடைசியாக, அரசு செய்ய வேண்டிய பெரிய வேலை. மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகளில் உள்ள தியேட்டர்கள் பல பிற்பகலில் ஓய்ந்துவிடுகின்றன. மயக்க மருந்து மருத்துவர் பற்றாக்குறையைத் தீர்த்து, அங்கே பகல்நேர அறுவைக்கென்று தனிப் பிரிவு தொடங்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் தாங்கள் செய்த சிகிச்சைக்குப் பணம் பெறுகின்றன. ஆகவே, அந்தப் பிரிவு தன் செலவில் ஒரு பகுதியைத் தானே ஈட்டும். முதல் கட்டமாக மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து, கண்புரை, குடலிறக்கம், மூலம் இந்த மூன்றுக்கு மட்டும் இதைத் தொடங்கலாம்.